போருக்கு முந்தைய ஜப்பானில் ஒரு சிறுமி கெய்ஷா ஆனது எப்படி? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேப்பம்பூ கேட்டது:

வணக்கம். போன வாரம் பழைய தபால் அட்டைகளை இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது கியோட்டோவில் எடுத்த ஒரு படம் கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியது, 1900களின் தொடக்கம் என்று போட்டிருந்தது. முகம் முழுக்க வெள்ளை பூசி, தலை நிறையப் பூ வைத்து, முதுகில் இடுப்புப் பட்டை கணுக்கால் வரை தொங்க ஒரு பெண் நிற்கிறாள். பெண் என்ன பெண், குழந்தை. பன்னிரண்டு வயது இருந்தால் அதிகம்.

அதிலிருந்து தேடிப் பார்க்கிறேன், எங்கே போனாலும் இரண்டே பதில்தான். "அவர்கள் கலைஞர்கள், வெள்ளைக்காரர்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்" என்று ஒன்று, விலைமாதர்தான் என்று அதற்கு நேர் எதிராக இன்னொன்று. இரண்டுமே ஒரு வரியில் முடிந்துபோகிறது. எனக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம். அந்தக் குழந்தையை யார் கொண்டுவந்து விட்டார்கள், காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாள், சம்பளம் ஏதாவது உண்டா, பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிப் போக முடியுமா, இவ்வளவுதான் தெரிய வேண்டும். இப்போதைய சுற்றுலா சமாச்சாரம் வேண்டாம், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலம் மட்டும் போதும்.

---

மூணுதந்தி:

நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். பொழுது போகாமல் ஷமிசென் என்ற தந்தி வாத்தியம் கற்றுக்கொள்ளப் போய், அந்த வழியாகத்தான் இந்த உலகத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதனால் என் பதில் பாட்டுப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்கள். 'கெய்' என்றால் கலை, 'ஷா' என்றால் ஆள், விருந்துகளில் ஆடிப் பாடி ஆட்களை மகிழ்விப்பவள். கியோட்டோவில் கெய்க்கோ என்பார்கள், பயிற்சியில் இருக்கும் சிறுமி மைக்கோ, உங்கள் தபால் அட்டையில் இருப்பவள் அவள்தான். டோக்கியோவில் பயிற்சிப் பெண்ணுக்கு ஹன்கியோக்கு என்று பெயர், அரை ரத்தினம் என்று அர்த்தம். கெய்ஷாவை அழைக்கக் கொடுக்கும் பணத்துக்கு ரத்தினக் காசு என்று பெயர் இருந்தது, சிறுமிக்கு அதில் பாதிதான், அதனால் அரை ரத்தினம். ஆளுக்கே விலைப் பட்டியலைப் பெயராக வைத்துவிட்டார்கள்.

அவள் வந்து சேரும் வீடு ஒக்கியா. வீட்டை நடத்துபவள் அம்மா, சிறுமிக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் அக்கா. அப்படியேதான் கூப்பிட வேண்டும். முதல் கட்டத்துக்கு ஷிகோமி என்று பெயர், கிட்டத்தட்ட வீட்டு வேலைக்காரிதான். தரை துடைக்க வேண்டும், அக்காக்களின் துணிமணியை எடுத்து வைக்க வேண்டும், சொன்ன இடத்துக்கு ஓட வேண்டும், ராத்திரி கடைசி அக்கா விருந்து முடிந்து வரும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்து கதவைத் திறந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் வகுப்பு. எப்போது தூங்கினாள் என்று கேட்காதீர்கள்.

நடனத்தை ஆறாம் வயதில், ஆறாம் மாதம், ஆறாம் தேதி தொடங்குவது அங்கே பழைய வழக்கம். கியோட்டோவில் கியோன் பகுதியில் இனோவே பள்ளி மட்டும்தான் நடனம் சொல்லிக்கொடுக்கும், வேறு பாணிக்கு இடமே இல்லை. அதன் மூன்றாம் தலைவி இனோவே யாச்சியோ 1838இல் பிறந்து 1938 வரை வாழ்ந்தவர், ஆகவே நீங்கள் கேட்கும் காலம் முழுக்க அந்த ஒரு கிழவியின் கண்ணுக்குக் கீழேதான் ஓடியது. நோ என்ற பழைய முகமூடி நாடகத்திலிருந்தும் பொம்மலாட்டத்திலிருந்தும் எடுத்த பாணி அது: இடுப்பைத் தாழ்த்தி வைக்க வேண்டும், முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. அபிநயம் பார்த்து வளர்ந்த நமக்கு முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நான் முதல்முறை பார்த்தபோது கொட்டாவி விட்டேன், மூன்றாவது முறைதான் அந்தக் கழுத்துத் திருப்பம் பிடிபட்டது. தப்பாக ஆடினால் அடி கிடையாது, 'ஒதோமே' என்ற ஒரே சொல்தான். நிறுத்து, வெளியே போ என்று அர்த்தம். திரும்ப எப்போது வரலாம் என்று சொல்ல மாட்டார்கள், அவளாக மன்னிப்புக் கேட்டு உள்ளே வர வேண்டும்.

நடனம் மட்டும் இல்லை. நடப்பது, மண்டியிட்டு உட்கார்ந்து நகர்த்துக் கதவைத் திறப்பது, உள்ளே வந்து மறுபடி மண்டியிட்டு மூடுவது, தேநீர்ச் சடங்கு, சிறு மத்தளம், பெரிய மத்தளம், குழல், நாகவுத்தா என்னும் நீண்ட பாட்டுகள், கோவுத்தா என்னும் குட்டிப் பாட்டுகள், எல்லாமே பாடம்தான்.

ஷமிசென் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. மூன்று தந்தி, கழுத்தில் வீணையில் இருப்பது போன்ற மெட்டு கிடையாது, எங்கே விரல் வைப்பது என்பது காதுக்குத்தான் தெரியும். நல்ல வாத்தியத்துக்குப் பூனைத் தோல், பழகுவதற்கு நாய்த் தோல். தடித்த தந்தி மேல்முனையில் லேசாகக் கட்டையைத் தொட்டு 'ஙொய்' என்று அதிரும், அதற்கு சவாரி என்று பெயர். தம்புராவில் ஜீவா நூல் வைத்தால் வருமே, அதே ரகம், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் இதில் விழுந்தேன். விசிறி வடிவத்தில் பெரிய மீட்டுகட்டை ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துத் தந்தியையும் தோலையும் சேர்த்து அடிக்க வேண்டும். மண்டியிட்டபடியே இதெல்லாம். என் முதல் வகுப்பு முடிந்து எழுந்தபோது இரண்டு காலும் மரத்துப்போய் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன், வாத்தியத்தைக் காப்பாற்றினேன், மானத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் 'கன் கெய்க்கோ', அதாவது குளிர்காலப் பயிற்சி. வருஷத்திலேயே கொடுமையான குளிர் அடிக்கும் முப்பது நாள், விடிவதற்கு முன்னால், திறந்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சில இடங்களில் விரலை முதலில் ஐஸ் தண்ணீரில் முக்கிவிட்டு வாசிக்கச் சொல்வார்கள். விரல் நுனி வெடித்து ரத்தம் வரும். குரலும் அந்தக் குளிரில்தான் உடைந்து கெட்டிப்படும் என்று நம்பினார்கள். எனக்குக் கையுறை போட்டுக்கொண்டு வகுப்புக்கு நடந்து போவதற்கே வலிக்கிறது.

பாடம் ஓரளவு தேறியதும் மினராய், 'பார்த்துக் கற்றுக்கொள்' என்று அர்த்தம். இடுப்புப் பட்டை பாதி நீளம்தான் தொங்கும். விருந்தில் ஓரமாக உட்கார்ந்து அக்கா எப்படிப் பேசுகிறாள், யாருக்கு எப்போது சாகே என்ற அரிசி மதுவை ஊற்றுகிறாள், குடித்துவிட்டு எல்லை மீறுபவனை எப்படிச் சிரித்தபடியே திருப்பி உட்கார வைக்கிறாள் என்று பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் மிசெதாஷி, நம் அரங்கேற்றம் மாதிரி. அக்காவும் தங்கையும் மூன்று கிண்ணத்தில் மூன்று மூன்று மிடறு சாகே பகிர்ந்துகொள்வார்கள், கல்யாணத்தில் செய்யும் அதே சடங்கு. அக்காவின் பெயரில் ஒரு எழுத்து தங்கையின் பெயரில் வந்து உட்காரும். அதன் பிறகு தங்கை செய்யும் தப்புக்கு அக்காதான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உங்கள் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். கீழுதட்டில் மட்டும் சிவப்பு இருந்தால் முதல் வருஷத்துக்காரி. பின்கழுத்தில் வெள்ளைப் பூச்சுக்கு நடுவே பூசாமல் விட்ட கோடுகள் இருக்கும். தலைமுடி அவளுடைய சொந்த முடி, வாரம் ஒருமுறைதான் பிரித்துக் கட்டுவார்கள், அது கலையாமல் இருக்க மரப்பெட்டி மேல் வைத்த சின்னத் தலையணையில் கழுத்தை மட்டும் வைத்துத் தூங்க வேண்டும். வருஷக்கணக்கில் இழுத்துக் கட்டி உச்சந்தலையில் ஒரு வட்டம் வழுக்கையாகிவிடும், அதற்கு ஒரு பெயரே உண்டு, மைக்கோ வழுக்கை. வெள்ளைப் பூச்சில் அந்தக் காலத்தில் ஈயம் கலந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யார் கொண்டுவந்து விட்டார்கள் என்ற கேள்வியை நான் தொடவில்லை. அது வேறு ஆள் எழுத வேண்டியது.

---

கணக்குப்பிள்ளை:

நான் எழுதுகிறேன். சம்பளம் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை, கடன் உண்டு.

பெரும்பாலான வீடுகளில் நடந்தது இது. அப்பன் ஒரு காகிதத்தில் முத்திரை குத்துவான், தரகன் நடுவில் இருப்பான், ஒக்கியா ஒரு தொகையை முன்பணமாக அப்பனிடம் கொடுக்கும். பெண் இத்தனை வருஷம் இங்கே இருந்து அதைத் தீர்க்க வேண்டும். பணம் வாங்கியவன் ஒருவன், தீர்ப்பவள் இன்னொருத்தி. தீர்க்க வேண்டிய தொகையோ அந்த முன்பணத்தோடு நிற்காது. மூணுதந்தி மேலே ஆசை ஆசையாக எழுதினாரே, நடனம், ஷமிசென், மத்தளம், அந்த வகுப்புக் கட்டணம் எல்லாம் பேரேட்டில் அவள் பெயரில் ஏறும். சாப்பாடு ஏறும். மருந்து ஏறும். தலை கட்டுபவளுக்குக் கொடுத்தது ஏறும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை துணிதான். கிமோனோ ஒன்று வாங்கி வருஷம் முழுக்க உடுத்த முடியாது: அக்டோபரிலிருந்து மே வரை உள்துணி வைத்துத் தைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, ஜூலை ஆகஸ்டில் சல்லாத்துணி. பூவேலைப்பாடும் மாதத்துக்குத் தகுந்த மாதிரி மாற வேண்டும். போதாததற்கு அந்தத் தொங்கும் பட்டை, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம், நுனியில் ஒக்கியாவின் சின்னம் நெய்திருக்கும். குழந்தை வழி தவறினால் எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்து விடுவதற்காக வந்த பழக்கம் என்று சொல்வார்கள். எனக்கு அதைப் படித்தபோது மாட்டுக்குப் போடும் சூடுதான் ஞாபகம் வந்தது. மாடு என்று சும்மா சொல்லவில்லை, கீழே வருகிறது.

வருமானம்? வாடிக்கையாளர் கெய்ஷாவிடம் பணம் கொடுக்க மாட்டார். விருந்து நடப்பது ஒச்சாயா என்னும் தேநீர் இல்லத்தில், அறிமுகம் இல்லாத ஆளை உள்ளேயே விட மாட்டார்கள். பில் பிறகு வீட்டுக்குப் போகும். யார் எவ்வளவு நேரம் எந்த விருந்தில் இருந்தாள் என்ற கணக்கு கென்பன் என்னும் பதிவு அலுவலகத்துக்குப் போகும். கடிகாரம் வருவதற்கு முன்னால் நேரத்தை ஊதுபத்தியால் அளந்தார்கள். இத்தனை பத்தி எரிந்தது, இத்தனை காசு. கடிகாரம் வந்த பிறகும் பல ஊர்களில் அந்தப் பெயர் போகவில்லை, பத்திக் காசு என்றே சொன்னார்கள். அந்தக் காசு ஒக்கியாவுக்குப் போகும். முழுக்க வீட்டுக்குக் கட்டுப்பட்டவளுக்கு 'மருககாயே' என்று பெயர், வாடிக்கையாளர் கையில் வைக்கும் அன்பளிப்பு தவிர அவளுக்கு எதுவும் இல்லை. அடுத்த படி, வீட்டோடு பங்கு பிரித்துக்கொள்பவள். எல்லாக் கடனும் தீர்ந்து சொந்தக் கணக்கில் தொழில் செய்பவள் 'ஜிமாயே'. அந்த மூன்றாவது படிக்கு ஏறுவதுதான் எல்லாருடைய கனவும்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். இது உண்மையிலேயே விசித்திரமான கதை, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 1872இல் பெரு நாட்டுக் கப்பல் ஒன்று, மரியா லூஸ் என்று பெயர், சீனக் கூலிகளை ஏற்றிக்கொண்டு யோக்கோஹாமாவில் வந்து ஒதுங்கியது. ஒரு கூலி கடலில் குதித்துத் தப்பினான். ஜப்பான் விசாரித்து, இது அடிமை வியாபாரம் என்று சொல்லிக் கூலிகளை விடுவித்தது. அப்போது கப்பல் தரப்பு வக்கீல் எழுந்து, உங்கள் நாட்டிலேயே பெண்களை இப்படித்தானே ஒப்பந்தம் போட்டு விற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, அரசாங்கத்துக்கு முகம் போய்விட்டது. அதே வருஷத்திலேயே விலைமாதரையும் கெய்ஷாக்களையும் விடுவிக்கும் ஆணை வந்தது. அதை விளக்கி நீதித்துறை போட்ட உத்தரவில் ஒரு வாதம் இருக்கிறது பாருங்கள்: இந்தப் பெண்கள் மனித உரிமையை இழந்து மாடு குதிரைக்குச் சமமாகிவிட்டவர்கள், மாடு குதிரையிடம் போய் யாரும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது, ஆகவே கடன் ரத்து. மக்கள் அதற்கு 'மாடு குதிரை விடுதலை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நல்லது செய்யும்போதுகூட எப்படிச் செய்கிறார்கள் பாருங்கள்.

அப்புறம்? வீடு திரும்பியவளுக்குச் சோறு போட அப்பனிடம் இல்லை. சீக்கிரமே அதே ஒப்பந்தம் வேறு பெயரில் வந்தது, வேலை ஒப்பந்தம் தனி, கடன் பத்திரம் தனி. 1900இல் உச்ச நீதிமன்றம், வேலை செய்யக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் செல்லாது, ஆனால் கடன் கடன்தான் என்று தீர்ப்பு சொன்னது. அதாவது அவள் வெளியே போகலாம், கடன் கூடவே போகும், அவள் அப்பன் வீட்டு வாசலில் போய் நிற்கும். எந்தப் பெண் வெளியே போவாள்? கடனும் சேர்த்தே செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல 1955 ஆகவேண்டியிருந்தது. நீங்கள் கேட்கும் காலம் மொத்தமும் இந்த இடைவெளிக்குள்தான் அடங்கும்.

1930களின் தொடக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டு விலை சரிந்தது, வடகிழக்கில் தோஹோக்கு பக்கம் கோடையே வராமல் நெல் பொய்த்தது. 1934இல் யாமகதா மாகாணத்தில் ஒரு கிராமத்து ஆலோசனை நிலையத்தின் முன்னால் வைத்த பலகையின் படம் இன்றும் கிடைக்கிறது: "பெண்ணை விற்பதாக இருந்தால் எங்களிடம் வந்து கலந்தாலோசியுங்கள்." தரகனிடம் ஏமாறாமல் இருக்க வைத்த பலகை அது, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அப்படி ஒரு பலகை வைக்கும் அளவுக்கு அது அன்றாட விஷயமாக இருந்திருக்கிறது.

---

ராத்திரிப்பயணி:

கணக்குப்பிள்ளை எழுதியதை மறுக்கவில்லை, ஆனால் இப்படியே போனால் எல்லாரும் விற்கப்பட்டவர்கள், எல்லாரும் அழுதுகொண்டே வாழ்ந்தார்கள் என்று ஆகிவிடும். ஹனமாச்சி, அதாவது பூத்தெரு, அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்கள் நிறைய. அம்மா கெய்ஷா, பாட்டி கெய்ஷா. வீடு, வாடிக்கை, பெயர் எல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு, மகள் இல்லாவிட்டால் தத்தெடுத்தவளுக்கு. பெண் பிறந்தால் கொண்டாடிய தெரு அந்தக் காலத்து ஜப்பானில் வேறு எங்கே இருந்தது? ஒரு விவசாயி வீட்டு மருமகளுக்கு என்ன சொத்து, என்ன படிப்பு, என்ன பேச்சு?

சதயாக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1871இல் பிறந்தவர், சிறு குழந்தையாக டோக்கியோவின் யோஷிச்சோ பகுதி கெய்ஷா வீட்டுக்குப் போனவர். அந்த வீட்டு அம்மா அவரைத் தத்தெடுத்து நடனம், பாட்டு மட்டும் இல்லாமல் எழுதப் படிக்கவும் வைத்தார். குதிரையேற்றம், நீச்சல், பில்லியர்ட்ஸ் எல்லாம் தெரியும். பிறகு காவகாமி ஒதொஜிரோ என்ற நடிகரைக் கட்டிக்கொண்டு, அவருடைய குழுவோடு அமெரிக்கா போய், 1900 பாரிஸ் கண்காட்சியில் மேடையேறி, ஐரோப்பாவே பேசும் நடிகையானார். திரும்பி வந்து 1908இல் நடிகைகளுக்கென்று பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். அதுவரை மேடையில் பெண் வேஷத்தையும் பெரும்பாலும் ஆண்களே போட்டுக்கொண்டிருந்த நாடு அது.

மெய்ஜி காலத்துத் (1868–1912) தலைவர்களில் பலர் கட்டிக்கொண்டது கெய்ஷாக்களைத்தான். அவர்களில் ஒருவரான கிதோ தகாயோஷியை எதிரிகள் கொல்லத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கியோட்டோவில் பிச்சைக்காரன் வேஷத்தில் பாலத்தடியில் ஒளிந்திருந்தார், இக்குமாத்சு என்ற கெய்க்கோதான் சோற்றுருண்டை கொண்டுபோய்க் கொடுத்துக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். பிறகு அவர்தான் மனைவி. முதல் பிரதமர் இதோ ஹிரோபுமியின் மனைவி உமேக்கோவும் கெய்ஷாவாக இருந்தவர்தான். வெறும் அடிமைகளாக இருந்தால் நாட்டின் முதல் குடும்பத்தில் போய் உட்கார முடியுமா?

---

கணக்குப்பிள்ளை:

ராத்திரிப்பயணி, சதயாக்கோ கதையில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். பதினைந்து பதினாறு வயதில் அவரை முதன்முதலில் 'ஆதரித்த' பெரிய மனிதர் அதே இதோ ஹிரோபுமிதான், அப்போது பிரதமர். பெண்ணின் முதல் இரவை விலை பேசுவது, அதற்கு மிசுஅகே என்று பெயர். சடங்கு மாதிரி நடக்கும், அம்மா பேரம் பேசி முடிவு செய்வாள், தொகை வீட்டுக்குப் போகும். அந்தப் பெண்ணைக் கேட்டார்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் சிவப்புக் கழுத்துப்பட்டையை மாற்றி வெள்ளை வைக்கும் 'எரிகாயே', முழு கெய்ஷா ஆகும் சடங்கு. அப்புறம் ஒரு தன்னா, அதாவது நிரந்தரப் புரவலர், கிடைத்தால் துணி, வகுப்பு, மாதச் செலவை அவர் ஏற்றுக்கொள்வார், கடன் குறையும். நல்ல தன்னாவும் இருந்தார், சங்கீதம் தெரிந்தவர், முப்பது வருஷம் ஒரே பெண்ணோடு மரியாதையாக இருந்தவர். எனக்கு அது தெரியாமல் இல்லை.

அதோடு நாம் பேசுவதெல்லாம் கியோன், ஷிம்பாஷி, யானகிபாஷி போன்ற மேல்தட்டு இடங்களைப் பற்றி. 1920களில் நாடு முழுக்க 80,000 கெய்ஷாக்கள் அளவுக்கு இருந்தார்கள். அத்தனை பேரும் பிரதமரைக் கட்டிக்கொள்ள முடியாது. சட்டப்படி கெய்ஷா உரிமம் வேறு, விலைமாது உரிமம் வேறு. விலைமாதர் பகுதியான யோஷிவாராவில் 1779இலேயே கென்பன் வைத்துக் கெய்ஷாக்கள் விலைமாதர் தொழிலில் கை வைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். அதைத்தான் "கலைஞர்கள் மட்டுமே" கட்சி மேற்கோள் காட்டும். ஆனால் சில ஊர்களில் ஒரே பெண் இரண்டு உரிமமும் வைத்திருக்கலாம், இரட்டைச் சீட்டு என்று சொல்வார்கள்.

வெந்நீர் ஊற்று ஊர்களின் கதை இன்னும் மோசம். மாசுதா சாயோ என்ற பெண், 1925இல் பிறந்தவர், சின்னஞ்சிறு வயதில் ஒரு பண்ணை வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விடப்பட்டார். அங்கே அவருக்குக் கொக்கு என்று பட்டப்பெயர். ஏன் தெரியுமா? குளிரில் வெறுங்காலோடு நிற்கும்போது ஒரு காலைத் தூக்கி மற்றத் தொடையில் ஒட்டவைத்துச் சூடு பிடிப்பார், பிறகு கால் மாற்றிக்கொள்வார். பன்னிரண்டு வயதில் சுவா ஏரிக்கரை கெய்ஷா வீட்டுக்கு விற்கப்பட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வளர்ந்த பிறகுதான் ஹிரகானா எழுத்தைக் கற்றுக்கொண்டு, 1950களில் தன் கதையைத் தானே எழுதினார். மிசுஅகே என்ற பெயரில் அவரை ஒரு முறைக்கு மேல் விற்றிருக்கிறார்கள், ஒவ்வொருவனிடமும் நீதான் முதல் ஆள் என்று சொல்லி. தபால் அட்டையில் இந்த ரகப் பெண்கள் வர மாட்டார்கள்.

---

ராத்திரிப்பயணி:

சரி, கொக்கு விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இருந்தாலும் ஒன்று சொல்வேன், அந்தப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள் இல்லை. 1937இல் ஒசாகாவின் மினாமி பகுதி கெய்ஷாக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சும்மா வீட்டில் உட்காரவில்லை, ஷிகி மலைக் கோயிலுக்கு ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டோம் என்றார்கள். பிப்ரவரி மாசம், மலையில் என்ன குளிர் இருந்திருக்கும்? மூணுதந்தி சொன்ன குளிர்காலப் பயிற்சி அன்றைக்கு உதவியிருக்கும்.

---

வேப்பம்பூ:

எல்லாருக்கும் நன்றி, நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கிடைத்துவிட்டது. கொக்கு என்னையும் தூங்க விடவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்னும் முழுப் பதில் வரவில்லை. வெளியே போனவர்கள் எப்படிப் போனார்கள்?

---

மூணுதந்தி:

பல வழி. கடன் தீர்ந்து ஜிமாயே ஆகி, அப்புறம் தானாக விலகுவது. நடனக்காரி வயசானதும் ஜிகாத்தா, அதாவது பின்னணியில் பாடி வாசிப்பவளாக மாறித் தெருவிலேயே தங்குவது, இதில் மரியாதை அதிகம், என் ஆசிரியையின் ஆசிரியை அப்படிப்பட்டவர்தான். இல்லாவிட்டால் யாராவது மொத்தக் கடனையும் கட்டி மீட்டுக்கொண்டு போவது. அதில் ஊரெல்லாம் பேசிய கதை கியோன் ஒயுக்கியுடையது. கொக்யூ என்ற வில்வாத்தியம் வாசித்தவர். அமெரிக்க வங்கி முதலாளி ஜே. பி. மார்கன் குடும்பத்து ஜார்ஜ் மார்கன் அவர் மேல் பைத்தியமாகி, 40,000 யென் கொடுத்து 1904இல் கல்யாணம் செய்துகொண்டார். பத்திரிகைகள் விடாமல் எழுதித் தீர்த்தன. கணவர் 1915இல் இறந்துவிட்டார், ஒயுக்கி பிரான்சில் இருந்துவிட்டு 1938இல்தான் கியோட்டோவுக்குத் திரும்பினார்.

யாரும் விரும்பாமலே எல்லாரும் வெளியே போன ஒரு நாளும் உண்டு. 1944 மார்ச்சில் போர்க்கால உத்தரவு போட்டு ஒச்சாயாக்களையும் கெய்ஷா வீடுகளையும் மூடிவிட்டார்கள். மீட்டுகட்டை பிடித்த கைகள் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போயின.

ஆனால் முறையாக விலகும்போது கியோட்டோவில் ஒரு வழக்கம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். ஹிக்கிவாய் என்று பெயர். போகிற பெண், அம்மா, அக்காக்கள், ஆசிரியை, பழகிய ஒச்சாயாக்கள் எல்லாருக்கும் வேகவைத்த அரிசி அனுப்புவாள். முழுக்க வெள்ளை அரிசி என்றால் இனி திரும்ப மாட்டேன் என்று அர்த்தம். நடுவில் கொஞ்சம் சிவப்புப் பயறு கலந்த அரிசி இருந்தால், ஒருவேளை வரலாம். வாய் திறந்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கல்யாணம் ஆகிப் போகிறவள்கூட நாலு பயறு போட்டு அனுப்புவது உண்டாம்.

---

வேப்பம்பூ:

அந்த அரிசிக்குக் காசு யார் கொடுத்தது?

---

கணக்குப்பிள்ளை:

போகிறவள்தான். நானும் முதலில் அதைத்தான் தேடினேன்.